வாக்குப் பொந்தில் முட்டையிட்ட பூவாத்தா

ஒரு காட்டில் ஒரு புலி ராஜாவாக இருந்தது. 'போதும்யா, இந்தக் கதை எங்களுக்குத் தெரியும்' என்று எழுந்து போகாதீர்கள், உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த புலி வேறு. இது பட்டியல் போட்டுச் சாப்பிடுகிற புலி.

காட்டில் இருக்கிற எல்லோர் பெயரையும் தேக்கு இலைகளில் எழுதிவைத்து, வாரத்துக்கு ஒருவராகக் கூப்பிட்டு, மரியாதையாகச் சாப்பிடுவார் புலியார். துரத்தல் இல்லை, பாய்ச்சல் இல்லை, சத்தம் இல்லை. பக்கத்துக் காட்டு நரிகள்கூட வந்து பார்த்து, 'நிர்வாகம்னா இப்படி இருக்கணும்' என்று மெச்சிவிட்டுப் போயின. சாப்பிடப்பட்டவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

மலை உச்சியில் சுனையைக் கையில் வைத்திருந்த யானைகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "காலம் மாறிப்போச்சு. தேர்தல் நடத்தி ஒரு ஜனாதிபதியைக் கொண்டுவாங்க. இல்லைன்னா ஓடையை அடைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டன. தண்ணீர் இல்லாமல் புலி மட்டும் என்ன செய்யும்? ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா ஒத்துக்கொள்வாரா? ஒரு நிபந்தனை போட்டார்.

"தேர்தல் முடிஞ்ச முப்பதாம் நாள் வருவேன். எல்லாரும் ஒரே வாயா, 'இவர்தான் எங்க ஜனாதிபதி'ன்னு ஒருத்தரைக் காட்டணும். காட்டினா குகைச் சாவியைக் கொடுத்துட்டுக் காட்டை விட்டே போயிடறேன். காட்டலைன்னா, பட்டியலை விட்ட இடத்திலிருந்து தொடருவோம்."

விட்ட இடத்தில் இருந்த பெயர் சிட்டம்மாள்.

சிட்டம்மாள் ஒரு சருகுமான். மான் என்றதும் கொம்பும் துள்ளலுமாகக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இலை சரசரத்தால் மயங்கி விழுகிற ஜாதி. 'தேர்தல் அதிகாரியாக யார் இருக்கிறீர்கள்?' என்று யானைகள் கேட்டபோது காடே வேறு பக்கம் பார்த்தது. இவள் மட்டும் முன்னங்காலைத் தூக்கினாள். தேர்தல் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அந்தக் காட்டில் உண்மையாகவே ஆசைப்பட்டது அவள் ஒருத்திதான். பின்னே, உயிர் ஆசை இருக்காதா?

வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒருவர் கரடி மாசிலாமணி. 'வீட்டுக்கு வீடு தேன்' என்பது அவர் வாக்குறுதி. இன்னொருவர் காட்டெருமை கனகசபை. அவர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஒரு டன் எடையோடு மேடையில் ஏறி நின்றார், மேடை உடைந்தது, 'என்ன ஒரு ஆளுமை!' என்று கூட்டம் கைதட்டியது.

கரடிக்கு வாக்களிக்க நாவல் கொட்டை. எருமைக்கு வாக்களிக்கப் புளியங்கொட்டை. வேங்கை மரத்துப் பொந்துதான் வாக்குப் பெட்டி. ஏற்பாடெல்லாம் பிரமாதம். அடையாளத்துக்கு இரண்டு புகைப்படம் கேட்டார்கள், பச்சோந்தி மட்டும் பதினாறு கொண்டுவந்தது. வரிசை ஓடைவரைக்கும் நீண்டது. ஆமை முதல் நாளே கிளம்பிக் கடைசி ஆளாக வந்து வாக்களித்துவிட்டுப் போனது. வெளிநாட்டிலிருந்து வலசை வந்திருந்த வாத்துகள் பார்வையாளர்களாக வந்தன. சுற்றிப் பார்த்தன, பழம் சாப்பிட்டன, 'பொதுவாகத் திருப்தி' என்று எழுதிக்கொண்டன.

பொந்துக்குச் சீல் வைக்க வேண்டும். இங்கேதான் சிட்டம்மாளுக்குத் தூக்கம் போனது. யாராவது பொந்தைத் திறந்து கொட்டையை மாற்றிவிட்டால்? சிலந்தி வலை பின்னித் தருகிறேன் என்றது, குரங்குகள் அதை ஊதியே கிழித்துக் காட்டின. கடைசியில் மாசிலாமணியும் கனகசபையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள், அந்தத் தேர்தலிலேயே அது ஒன்றில்தான். 'இருவாச்சியைக் கூப்பிடு. இருவாச்சி அடைச்ச பொந்தைப் பாம்புகூடத் திறந்தது கிடையாது' என்றார்கள்.

பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைத் தம்பதி மலையாண்டியும் பூவாத்தாவும் வந்தார்கள். மண், பழச்சாறு, எச்சம் எல்லாம் குழைத்து அடைத்தார்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு, மீதியெல்லாம் பாறை மாதிரி இறுகிவிட்டது. சிட்டம்மாள் குளம்பால் தட்டிப் பார்த்தாள். மனசு நிறைந்துபோய், மலையாண்டிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலையில் எண்ணிக்கை. மரத்தடியில் காடே கூடிவிட்டது. மலையாண்டி மட்டும் கிளையில் தனியாக உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பூவாத்தா எங்கேண்ணே?" என்றாள் சிட்டம்மாள்.

"உள்ளே."

"உள்ளேன்னா?"

"பொந்துக்குள்ளே. முட்டை போட உட்கார்ந்திருக்கா."

"ஐயையோ! சீல் வைக்கத்தானே கூப்பிட்டோம்?"

"சீல் வைக்கிறதுன்னா உள்ளே உட்கார்ந்துதாம்மா வைப்போம். எங்க வழக்கம் அது. வெளியே நின்னு பூசறதுக்கு நான் என்ன கொத்தனாரா?"

"எப்போ வெளியே வருவா?"

"முட்டை பொரியணும், குஞ்சுக்கு றெக்கை முளைக்கணும். மூணு, மூணரை மாசம் ஆகும். ஏம்மா, ஏதாச்சும் அவசரமா?"

சிட்டம்மாள் அப்படியே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

உடைத்து எடுக்கலாம் என்றால் அது ஆகாது. இருவாச்சி உட்கார்ந்திருக்கும் கூட்டைத் தொட்டால் அந்தக் காட்டில் மன்னிப்பே கிடையாது. அதோடு, யார் முதலில் கை வைத்தாலும் 'பார்த்தீங்களா, வாக்கைத் திருடப் பார்க்கிறான்' என்று எதிர்க்கட்சி கத்தும். ஆக, யாரும் கை வைக்கவில்லை.

எண்ண முடியாத வாக்கில் இரண்டு பேர் ஜெயிக்கலாம். அன்று மத்தியானமே மாசிலாமணி தன்னை ஜனாதிபதி என்று அறிவித்தார். சாயங்காலம் கனகசபை தன்னை அறிவித்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பதவியேற்பு, அந்தப் பக்கம் ஒரு பதவியேற்பு. இரண்டுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது குரங்குக் கூட்டம். அணில்கள் பாவம், மரம் மாறி மரம் தாவுவதற்கு இரண்டு அரசாங்கத்திலும் தனித்தனியாக மனு போட வேண்டியதாயிற்று. காக்கைகளைக் கேட்கவே வேண்டாம். காலை வணக்கத்தோடு சேர்த்து, 'அதிர்ச்சித் தகவல்! பொந்துக்குப் பின்பக்கம் இன்னொரு வாசல்! பத்து பேருக்கு அனுப்பவும்!' என்று கைபேசியில் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தன.

இதற்கிடையில் மலையாண்டி கீறல் வழியாக வீட்டுக்காரிக்குச் சாப்பாடு ஊட்டியது. அது நாவல் பழக் காலம். பூவாத்தா பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வெளியே துப்பினாள். மரத்தடியில் நாவல் கொட்டை குவிய ஆரம்பித்தது.

"ஜெயிச்சாச்சு! கொட்டை கொட்டையா ஜெயிச்சாச்சு!" என்று குதித்தது கரடிக் கட்சி.

எருமைக் கட்சி விடுமா? மலையாண்டியைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், "என்ன மாப்பிள்ளை, முட்டை போடற நேரத்தில தங்கச்சிக்குப் புளிப்பு கேட்காதா? மசக்கைக்காரிக்கு வெறும் நாவல் பழமா கொடுக்கிறது?" என்று உருகியது. மறுநாளிலிருந்து புளியம்பழம் மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. பூவாத்தா புளியைத் தின்று பல் கூசி, அதாவது அலகு கூசி, கொட்டையைச் சரமாரியாகத் துப்பினாள்.

இருபதாம் நாள் கணக்குப் பார்த்தால், முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்காளர் உள்ள காட்டில் ஆறாயிரம் வாக்கு விழுந்திருந்தது. 'மக்களின் ஆர்வம் மெய்சிலிர்க்க வைக்கிறது' என்று வாத்துகள் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த வேலை முடிந்ததென்று ஊருக்குப் பறந்துபோயின.

சிட்டம்மாள் இரண்டு பக்கமும் நடந்தாள். "அண்ணே, ஆளுக்குப் பாதி வருஷம் வச்சுக்கோங்களேன்" என்றாள். "முதல் பாதி எனக்கு" என்றார்கள் இருவரும். சீட்டுக் குலுக்கலாம் என்றாள். "சீட்டை யார் குலுக்கறது?" என்று அதற்கு ஒரு வாரம் சண்டை. "உங்க சண்டையில போறது என் உசிரு!" என்று அழுதே விட்டாள். மாசிலாமணி அவள் முதுகைத் தடவி, "உன் தியாகத்தை இந்தக் காடு மறக்காது தங்கச்சி. உன் பேர்ல ஒரு பாலம் கட்டறேன்" என்றார். கனகசபை காதுக்கு அது போனதும் இரண்டு பாலம் என்றார்.

முப்பதாம் நாள். பொழுது நன்றாக விடிந்த பிறகு புலியார் வந்தார்.

மலை விளிம்பில் யானைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. மரத்தடியில் இரண்டு ஜனாதிபதிகளும் மாலையும் கழுத்துமாக, தொண்டர் படையோடு தயார். சிட்டம்மாள் நடுவில் நின்றாள்.

புலியார் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். விலா எலும்பை எண்ணலாம். முப்பது நாளாகப் பட்டியல் இல்லாமல் நண்டும் நத்தையும் தின்றால் வேறு எப்படி இருக்கும்?

"வணக்கம். யாரு ஜனாதிபதி?" என்று கேட்டார்.

"நான்!" என்றார்கள் இரண்டு பேரும்.

"ரொம்ப சந்தோஷம். ஒரு சின்ன சம்பிரதாயம் இருக்கு. சாவியை இங்கே வெயில்ல வச்சுக் கொடுக்க முடியாது. குகைக்குள்ளே வச்சுத்தான் கொடுக்கணும். ஜனாதிபதி மட்டும் தனியா என்கூட உள்ளே வரணும்." சொல்லிவிட்டு, தெரிந்தோ தெரியாமலோ, நாக்கால் உதட்டை ஒரு தடவு தடவினார்.

மாசிலாமணிதான் முதலில் வாயைத் திறந்தார். "யோசிச்சுப் பார்த்தா," என்றார், "மக்கள் தீர்ப்பு கனகசபை அண்ணனுக்குத்தான். தோல்வியை ஒத்துக்கறதும் ஒரு பெருந்தன்மைதானே. வாழ்த்துகள்ணே."

"சேச்சே! அந்த நாவல் கொட்டையெல்லாம் பார்த்தேனே! தம்பிதான் ஜெயிச்சது. நான் எப்பவோ ஒதுங்கிட்டேன்" என்றார் கனகசபை. பேசும்போதே மாலையைக் கழற்றிக் கரடி கழுத்தில் போட்டார். கரடி தன்னுடையதையும் சேர்த்து எருமைக் கொம்பில் மாட்டியது. மாலைகள் இப்படியும் அப்படியும் போய்வந்ததில் பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிச்சம். உலகத்தில் எந்தத் தேர்தலிலும் இவ்வளவு நாகரிகமாக இரண்டு பேர் தோற்றதில்லை.

"அப்போ ஜனாதிபதி யாரும் இல்லை. நல்லது. பட்டியலை எடுங்க" என்றார் புலியார்.

சிட்டம்மாளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் மயங்கி விழக்கூட நேரம் கிடைக்கவில்லை. யோசித்தாள். 'ஜனாதிபதி இல்லைன்னா இப்பவே என் முறை. சாவு நிச்சயம். ஜனாதிபதின்னா குகைக்குள்ளே போகணும். அங்கேயும் சாவுதான், ஆனா கொஞ்சம் தாமதமா. சாவு அறிவிப்பில பேருக்கு முன்னாடி ஒரு பட்டமாவது போடுவாங்க.'

"நான்தான் ஜனாதிபதி" என்றாள்.

அப்புறம் பாருங்கள்! "ஆமா! அம்மாதான்! அம்மாவைவிட்டா யாரு?" என்று கத்தினார் மாசிலாமணி. "நான் முதல்லேயே அதைத்தானே சொன்னேன்!" என்றார் கனகசபை. அணில், குரங்கு, ஆமை, பச்சோந்தி, ஒருத்தர் பாக்கியில்லாமல் முந்நூற்றுப் பதினோரு பேரும் ஒரே வாயாகக் கூவினார்கள். மலை விளிம்பில் யானைகள் தும்பிக்கையைத் தூக்கி, 'பதிவு செய்துகொண்டோம்' என்று பிளிறின.

குகைக்குள் புலியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, நியாயமா சொல்லு. ஒரு டன் எருமை வரும், குறைஞ்சது ஒரு கரடியாவது வரும்னு முப்பது நாள் பட்டினி கிடந்தேன். அதுக்குன்னா யானைகளோட ஒப்பந்தத்தை மீறலாம், ஓடை போனாலும் போகுதுன்னு விட்டிருக்கலாம். உன்னைத் தின்னா ஒரு வாய்க்குக் காணாது. ஒரு வாய்க்காக யாராவது தண்ணியை இழப்பாங்களா?"

"மாட்டாங்கய்யா" என்றாள் சிட்டம்மாள்.

சாவியையும் பட்டியலையும் அவள் முன்னால் போட்டுவிட்டு, புலியார் எல்லை தாண்டி நடந்தார். சிட்டம்மாள் வெளியே வந்தபோது காடு வாய் பிளந்தது. அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்து மாசிலாமணியும் கனகசபையும் விட்ட கண்ணீரில் எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

அன்று மாலையே இருவரும் தனித்தனியாக மனுக் கொடுத்தார்கள். தான் ஒதுங்கியது பயத்தில், ஆகவே செல்லாது. பொந்து திறந்ததும் வாக்கை எண்ண வேண்டும் என்று.

அடைத்து மூன்றரை மாதம் ஆனதும் பொந்து உடைந்தது. பூவாத்தா இரண்டு குஞ்சுகளோடு வெளியே வந்தாள். உள்ளே வாக்குகள் பத்திரமாக இருந்தன, கொஞ்சம் நாற்றத்தோடு. மாசிலாமணியும் கனகசபையும் இரைக்க இரைக்க ஓடிவந்தார்கள். "எண்ணு! எண்ணு!"

"தாராளமா எண்ணலாம்ணே" என்றாள் சிட்டம்மாள். இப்போதெல்லாம் அவள் மயங்குவதில்லை. "யார் ஜெயிச்சாலும் சாவியைக் கொடுத்துடறேன். புலியார்கூட எல்லையிலதான் இருக்காராம். நாலு மாசமா சரியாச் சாப்பிடலையாம். புதுசா வர்ற ஜனாதிபதியை நேர்ல பார்த்துக் கட்டிப்பிடிச்சு வாழ்த்தணும்னு ஆசைப்படறாராம். கூப்பிட்டு அனுப்பட்டுமா?"

புலியார் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார். "பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு?" என்றார். "காட்டோட ஒற்றுமைதான் முக்கியம்" என்றார் கனகசபை. மழை வந்ததும் கொட்டைகள் பொந்திலேயே முளைத்தன. நாவல் எது, புளி எது என்று யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் காட்டில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடக்கிறது. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் என்று புலியார் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இதுவரை ஒன்றுக்கு மேல் வேட்புமனு வந்ததில்லை.

நீதி: தேர்தல் நடத்தினால் பசித்த புலிக்கு எதிரில் நடத்துங்கள், வேட்பாளர்கள் குறைவார்கள், ஒற்றுமை பெருகும், வாக்கு எண்ணுகிற வேலையும் மிச்சம்.