நீர் அலுவலகத்தில் தாய் சி

மலேசியாவின் ஈப்போ நகரில் உள்ள நீர்க்குறை தீர்க்கும் அலுவலகத்தில் ஊழியர்களின் உடல்நலம் முறைப்படி ஆராயப்பட்டது. எல்லோருக்கும் ரத்த அழுத்தம். காரணமும் கண்டுபிடிக்கப்பட்டது: பொதுமக்கள். அவர்களை ஒழிக்கச் சட்டத்தில் இடமில்லாததால், துணை இயக்குநர் தனேஸ்வரன் தாய் சி என்னும் மெல்ல அசையும் சீன உடற்பயிற்சிக்கு ஆணையிட்டார்.

கவுண்டர் திறக்கும் நேரமே பயிற்சி நேரம். அதற்கு முன்பே செய்தால் என்ன என்று கேட்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள். சொந்த நேரத்தில் ஆரோக்கியமாக இருக்கும்படி எந்த ஊழியரையும் கட்டாயப்படுத்த முடியாது. பயிற்சி முடிந்ததும் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு அவசரப்பட்டால் பெற்ற நலம் கெட்டுவிடும். ஆகவே வேலையும் அதே வேகத்தில். இவ்வளவு மெதுவாக அசையும் கூட்டத்தைப் பயிற்சியாளரே கண்டதில்லையாம். பலருக்கு அது பிறவியிலேயே வந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை, சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாப்பா வந்தாள். ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம். பைப்பு மட்டும் ரப்பர் காலத்தது. அது வெடித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ஞாயிறன்று மகளுக்குக் கல்யாணம். துணைக்குப் பக்கத்து வீட்டுக் கனகராஜ் வந்திருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால், நீல டி-சட்டையில் தனேஸ்வரன் கைகளை மிதக்கவிட்டுக் கொண்டிருந்தார். அலுவலகமும் அவர் பின்னால் மிதந்தது.

பாப்பா கண்ணாடியைத் தட்டினாள். "சார், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார்!"

கவுண்டர் ஊழியர் விமலா ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னாள்: "தட்டாதீங்கலா அக்கா. மூச்ச உள்ள இழுத்திருக்கேன்."

"எப்பம்மா விடுவ?"

"சார் சொன்னாத்தான்."

"கல்யாண வீடும்மா! அண்டா கழுவத் தண்ணி வேணாமா?"

"அதான் சொல்றேன், டென்சன் ஆவாதீங்க."

பாப்பா குனிந்தாள். பளிங்குத் தரையில் மண் இல்லை. இல்லாத மண்ணை இரண்டு கையாலும் வாரி, தலைக்கு மேலே தூக்கி, அலுவலகத்தை நோக்கித் தூற்றினாள். கனகராஜும் தூற்றினார்.

தனேஸ்வரன் முகம் மலர்ந்தது. "பாருங்க, பொதுமக்களும் கலந்துக்கிறாங்க! படம் எடுங்க!"

"யோவ், சாபம் விடுறேன்யா!"

"அருமையா வருதுக்கா. தோளை மட்டும் தளர்த்துங்க."

படம் தலைமையகத்துக்குப் போனது. தோட்ட மக்களின் ஆர்வம் மேலிடத்தைக் கனிய வைத்தது. சனிக்கிழமை காலை ஒரு லாரி தோட்டத்துக்குள் நுழைந்தது. வாளியும் குடமுமாகத் தோட்டமே ஓடிவந்தது.

லாரியிலிருந்து ஒலிபெருக்கி இறங்கியது. பாய்கள் இறங்கின. கடைசியாகத் தனேஸ்வரன் இறங்கினார்.

"பைப்பு சாமான் எங்க?" என்று கனகராஜ் கத்தினார்.

"அது வேற இலாகா அண்ணே. இன்னிக்குத் தாய் சி. வர்றவங்களுக்கு டி-சட்டை."

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

"ஓசியா?"

"ஓசிதான்."

வாளிகள் கீழே வைக்கப்பட்டன. வரிசை உருவானது. பெரிய அளவுச் சட்டை தீர்ந்துபோனதாக வதந்தி பரவ, கனகராஜ் முன்னால் நின்ற ஒருவரின் கழுத்தைப் பிடித்தார். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாப்பா வந்தாள். தனேஸ்வரன் இரண்டடி பின்வாங்கினார்.

"சார், நாளைக்கு மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வர்றாங்க."

"தெரியும்மா. தண்ணி விசயமா மேலிடத்துக்கு…"

"அது கெடக்கட்டும் சார். அவங்களுக்கும் நாலு சட்டை எடுத்து வைங்க. எல்லாரும் கொஞ்சம் தடியா இருப்பாங்க."