முதல் பரிசு வாங்கிய வறட்சி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் மனம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். போன முறை வந்தபோது, ரிட்டயர் ஆனவர் சும்மா உட்கார்ந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று சொல்லி கேமராவில் மாட்டினால் சின்னதைப் பெரிதாகக் காட்டும் ஒரு மேக்ரோ லென்ஸை என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். உடம்பு கெடவில்லை. குடும்பம்தான் கெடப்போகிறது.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகக் குனிந்து தண்ணீர் மீட்டரில் எண் பார்த்தவன் நான். சின்னதைப் பார்க்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்றுதான் இறங்கினேன். முதலில் சமையல் மேடையில் ஓர் எறும்பு. நெருங்கினால்தான் அது பெரிதாகத் தெரிகிறது, நெருங்கினாலோ லென்ஸின் நிழல் அதன்மேல் விழுகிறது, நிழல் விழுந்தால் அது கிளம்பிவிடுகிறது. நான் மூச்சு விட்டால் படம் ஆடுகிறது, விடாவிட்டால் நான் ஆடுகிறேன். நாற்பது படத்தில் ஒன்றே ஒன்றில் மீசை மட்டும் துல்லியமாக விழுந்தது, மிச்ச எறும்பெல்லாம் புகை. சரி, ஓரிடத்தில் நிற்கட்டும் என்று ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன். அது போய்ச் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவந்து அலமாரியில் குடியேறிவிட்டது. மறுநாள் ரொட்டியில் பூத்திருந்த பூஞ்சையைப் படமெடுத்து, பார் எப்படிக் காடு மாதிரி இருக்கிறது என்று உங்கள் அக்காவிடம் ஆசையாகக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் ரொட்டி கிடையாது, எனக்குச் சமையலறையும் கிடையாது.

ஆகவே அசையாத பொருளாகத் தேடினேன். ஒரு பிற்பகல் உங்கள் அக்கா சோபாவில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு குதிகால். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு பித்தவெடிப்பும் தனித்தனியாக எழுந்து நின்றது. திட்டாதீர்கள், கையில் லென்ஸ் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் அது மனைவியின் கால் அல்ல. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, கால் மணி நேரத்தில் பதினொரு படம் எடுத்தேன். பதினொன்றும் துல்லியம்.

அதைப் பிரிண்ட் போடத் தெருமுனைப் படக்கடைக்குப் போனேன். கடைக்காரர்தான் இங்கே புகைப்படக் கழகத்துக்குச் செயலாளர். படத்தைப் பார்த்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எந்த ஏரி சார் இது? இப்படி வறண்டு கிடக்கே" என்றார். அங்கேயே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் என் வேலையைப் பார்த்து யாரும் கண்ணாடியைத் துடைத்ததில்லை, மைத்துனரே. அவர் அதை ஏரிப் படமென்றே கழகத்தின் போட்டிக்கு அனுப்பிவிட்டார்.

முதல் பரிசு. நடுவர் ஒரு வேளாண் அதிகாரி. வெடிப்பின் ஆழத்தை வைத்து, அங்கே நான்கு வருடமாக மழையில்லை என்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி, மேய்ச்சல் தேடித் தனியே நிற்கும் ஆடாம். அது உங்கள் அக்காவின் மச்சம். மேலே தெரியும் நீலக் கோடு, தொலைவில் மிஞ்சியிருக்கும் நம்பிக்கையாம். அது எங்கள் போர்வை.

படத்தை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கி நூலக அரங்கில் மாட்டுகிறார்கள். வரும் ஞாயிறு காலை பரிசளிப்பு. உங்கள் அக்கா தன் இரண்டு தங்கைகளையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். படத்தை இன்னும் அவளுக்குக் காட்டவில்லை, அரங்கில் பார்த்தால்தான் அழகு என்று சமாளித்து வைத்திருக்கிறேன். எந்த ஏரி, எப்போது போனீர்கள் என்று கேட்கிறாள். பஸ்ஸில் போனேன் என்று ஒரு பொய். எந்த பஸ் என்றதற்கு இன்னொரு பொய். நேற்று என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கார்னு தெரியாமப் போச்சே" என்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் தங்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் குதிகாலைத் தானே அடையாளம் கண்டால், அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனவே இந்தக் கடிதம் கண்டதும், உங்களுக்குப் பல்வலி, சனிக்கிழமைக்குள் உடனே புறப்பட்டு வா என்று அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பல்வலி போதாது என்று தோன்றினால் உங்கள் மனசாட்சிப்படி கூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸைப் பார்சலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பாதங்களோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டி தபால்ல போடுன்னு இந்தக் கடுதாசியை என்கிட்டதான் குடுத்தார். ஒட்டறதுக்கு முன்னாடி படிக்காம இருக்க முடியுமா? அன்னிக்கு நான் தூங்கவே இல்ல. கால்ல மூச்சு பட்டு ஒரே கூச்சம், சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கால் மணி நேரம் அசையாமப் படுத்திருந்தேன். ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து சுவரையே வெறிச்சுப் பார்த்துட்டிருந்த மனுஷன், அன்னிக்குத்தான் ஒண்ணை ஆசையாப் பார்த்தார். எப்படிக் காலை இழுத்துக்கறது? மச்சம் நல்லா விழட்டும்னு கொஞ்சம் திருப்பியும் குடுத்தேன். அவர் குளிக்கப் போனப்போ கேமராவில படத்தையும் பார்த்துட்டேன். நல்லாத்தான் எடுத்திருக்கார். நீ பல்வலின்னு எழுதினாலும் நான் கிளம்பப் போறதில்ல. அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதே, பஸ்ஸுல போனேன்னு பொய் சொன்னதுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் பயப்படட்டும். லென்ஸ் இங்கேயே இருக்கும். அவர் எடுத்தது இடது குதிகால். வலது இதைவிட மோசம். அடுத்த வருஷப் போட்டிக்குன்னு எண்ணெய்கூடத் தடவாம வச்சிருக்கேன்.