எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த ஆளை உடனே வீட்டுக்குள் விடக் கூடாது. கொஞ்ச நாள் வெளியில் காயப்போட்டு, சூடு தணிந்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். என்னை அப்படிச் செய்திருந்தால், என் அக்காவைப் பெண் பார்க்க வந்த வைபவம் எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல நடந்து முடிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எஹலியகொடவிலிருந்து மேலே ஏறிப் போகும் பாதையில் ஓர் இறப்பர் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. (அம்மாமார் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். ஆயாவுக்கு ஒரு படி மேலே, நர்ஸுக்குப் பல படி கீழே என் பதவி.) போஷாக்குப் பயிற்சி என்று சொல்லி என்னை இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மேடம் பெரிய படம் ஒன்றைச் சுவரில் மாட்டிக் காட்டினார். மனிதனின் இரத்தக் குழாய். அதற்குள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு அடைத்துக்கிடந்தது. அந்த நிமிஷத்திலிருந்து என் கண்ணுக்கு மனிதர்கள் தெரியவில்லை, குழாய்கள்தான் தெரிந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெரியவர் நிம்மதியாக எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்ததும் வராததுமாகப் பிள்ளைக் காம்பராவில் என் ஆட்சி தொடங்கியது. பிள்ளைகள் கையில் மிக்ஸர் பாக்கெட்டோ பொரித்த எதுவுமோ இருந்தால் பறிமுதல். அதற்குப் பதிலாக அவித்த கடலையில் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தேன். வத்தாளைக் கிழங்கு, பயறு, குரக்கன் மாவு உருண்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. (ஓடித் தப்ப முடியாத வயது.) ஒருத்தனுக்கு நிறை கூடியது. அதைப் பார்த்து மிட்வைஃப் என்னைப் பாராட்டினார். அதோடு எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

அடுத்து வீடு. வேலை முடிந்து வரும்போது கடையில் நாலு பருப்பு வடை வாங்கி வருவது அப்பாவின் வழக்கம். நான் குழாய்ப் படத்தைச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். மறுநாளிலிருந்து வடையைக் கடையிலேயே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மிச்சமிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நான் கோவிலுக்குக் கொண்டுபோய் விளக்குக்கு ஊற்றிவிட்டு வந்தேன். சாமிக்குக் குழாய் அடைக்காது என்று சமாதானமும் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் ஜெயா அக்காவுக்கு கொடகவெலப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் கணேசன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் வேலை. சொந்தக்காரர் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போன இடத்தில் அக்கா அவரைப் பார்த்திருக்கிறாள், அவரும் அக்காவைப் பார்த்திருக்கிறார். அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து, தேத்தண்ணி குடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று போய், சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். அந்த இரண்டு முறையும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மல்லி, இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குடி. நீ வாயத் தொறந்து எதையும் கெடுத்துறாத, அது போதும்."

நான் சத்தியம் செய்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? கையைக் கட்டச் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பின்னேரம் வருவதாகப் பேச்சு. அரைப் பேரையாவது (அரை நாள் சம்பளம்) விடக் கூடாது என்று அம்மா விடியவே பால் வெட்டப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"பருப்பு ஊறப் போட்டிருக்கேன். அரைச்சு மட்டும் வையி. நான் வந்து வடை சுட்டுக்கிறேன். கடையில எண்ணெ வாங்கி வச்சிரு."

பருப்பை அரைத்தேன். எண்ணெய் வாங்கவில்லை. என் அக்காவின் வருங்கால மாமியார் என் கண் முன்னே குழாய் அடைத்துச் சாவதை என்னால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வடையைத் தட்டி இட்லிச் சட்டியில் வைத்து அவித்தேன். முறுக்கைப் பிழிந்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டுச் சுட்டேன். கடலை அவித்தேன். கிழங்கு அவித்தேன். பலாக்கொட்டையும் கிடந்தது, அதையும் விடவில்லை. சர்க்கரைக்கும் நெய்க்கும் பயந்து கேசரியை அடியோடு விட்டுவிட்டேன்.

அப்பா ஒரு வடையை எடுத்தார். அவருக்குத் தோட்டத்து ஸ்டோரில் இறப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கும் வேலை. வடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் வன் ஷீட்டு" என்றார். பிறகு மெதுவாக, "இத அம்மா பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"அம்மா வந்து ஆச்சரியப்படட்டும்ப்பா" என்றேன்.

அம்மாவுக்கு முன்பே வேன் வந்துவிட்டது. வழியில் நிற்காமல் வந்ததால் நேரத்தோடு வந்துவிட்டார்களாம். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூவரும் இறங்கினார்கள். அப்பாக்காரர் சாந்தமானவர், வாயில் வெற்றிலை இருந்தால் உலகத்தில் வேறு குறை இல்லாதவர். அம்மாக்காரர் அப்படியில்லை. வாசலில் நின்றே ஒரு முறை மூக்கை உறிஞ்சினார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு முறை உறிஞ்சினார். நான் வாசல் சாணித் தண்ணீர் மணத்தைத்தான் ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பின்பக்கமாக, உடம்பெல்லாம் இறப்பர் பால் மணத்தோடு ஓடி வந்து சேர்ந்தாள். அதற்குள் நான் தட்டங்களை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு தட்டமாகப் பார்த்தார். அவித்த கடலை. அவித்த கிழங்கு. அவித்த பலாக்கொட்டை. அவித்த வடை. இனிப்பு என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. குரலைத் தாழ்த்தி எங்கள் அப்பாவிடம் கேட்டார்.

"யாருண்ணே தவறுனது?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. "யாருங்க?"

"எண்ணெ சட்டி வைக்காம இருக்கீங்களே. எப்பண்ணே கருமாதி?"

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். கருமாதி முடியும்வரை வடை, முறுக்கு, பலகாரம் எதுவும் சுட மாட்டார்கள். வாசலில் கால் வைக்கும்போதே எண்ணெய் காயும் வாசனை வந்தால்தான் அது நல்ல காரியம் நடக்கிற வீடு. தோட்டத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாரப் பயிற்சியில் என் மண்டையில் இருந்ததையெல்லாம் வழித்துவிட்டுக் குழாயை வைத்து அனுப்பிவிட்டார்கள்.

சத்தியத்தை மறந்து நான் வாயைத் திறந்தேன்.

"இல்லைங்க அத்த, யாரும் சாவலைங்க. எண்ணெ நெஞ்சுக்குக் கெடுதி. நல்லாத்தான் இருப்பாங்க, திடீர்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. அதனாலதான் சட்டி வைக்கல."

"ஐயோ பாவமே" என்றார் அவர். "ஆக நெஞ்சு வலியிலதான் போயிருக்காங்க."

"போகலைங்க! போகாம இருக்கத்தான்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணால் வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் வந்து நின்றார்.

"மதினி, ஒங்க கூடப்பொறந்தவரு எங்க? பொண்ணு பாக்குறப்ப தாய்மாமன் இல்லாமலா?"

செல்லையா மாமா கரவனெல்லவிலிருந்து காலையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டியவர். இன்னும் காணவில்லை. அம்மாவுக்கு அண்ணன் வராத கவலை ஒரு பக்கம், என்னால் வந்த அவமானம் ஒரு பக்கம். பதில் சொல்ல வாயெடுத்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"சொந்த அண்ணனப் பறிகுடுத்துட்டு, அத மறைச்சுப் பொண்ணு காட்டுறீங்களே, இது நாயமா? தீட்டு வீட்டுல நாங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம். எந்திரிங்க!"

எழுந்தவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். கணேசன் அத்தான் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டு, இவ்வளவு நேரமும் கடலையைக் கொறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டம் முக்கால்வாசி காலி.

"டேய்! அது எழவு வீட்டுக் கடலைடா!"

வாய் நிறையக் கடலையோடு அவர் அப்படியே நின்றார். விழுங்கினால் தீட்டு, துப்பினால் பெண் வீட்டாருக்கு அவமரியாதை. அந்த மனிதர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கும்.

திரைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். சிரிப்பு வரும் இடம்தான் இது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது இடமும் படியிறங்கிப் போகிறது. அனுப்புவது நான்.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம். செல்லையா மாமா! உயிரோடு, வியர்த்து விறுவிறுத்து, மீசையெல்லாம் ரோல்ஸ் தூள். (போன வாரமே நான் அவரிடம் பலகார விவரத்தைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதனால் எஹலியகொட டவுனில் இறங்கி, நானா கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.)

"என்னங்க எல்லாரும் நிக்கிறீங்க? யாருக்கு என்ன?" என்றார் மாமா.

"ஒங்களுக்குத்தான்" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா மாமாவை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். ஆள் இருக்கிறார், நடக்கிறார், ஏப்பமும் விடுகிறார். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. மாமா இல்லையென்றால் வேறு யாரோ.

"சரி. ஒண்ணும் இல்லேன்னா இப்ப என் கண்ணு முன்னால எண்ணெ சட்டிய வைங்க. தீட்டு வீட்டுக்காரங்க வைக்க மாட்டாங்க. நான் பாக்குறேன்."

எண்ணெய்? அது கோவிலில் எரிந்துகொண்டிருந்தது. நான் கால் தெறிக்கப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்கு ஓடினேன். சிங்கள வீட்டுக் குசுமா அக்கா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொகத நங்கி?" (என்ன தங்கச்சி?) என்று பதறிப்போய்க் கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. "தெல் டிக்கக் அக்கே, தெல்!" (கொஞ்சம் எண்ணெய்) என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. யாருக்கோ தீக்காயம் என்று நினைத்து, போத்தலோடு அவளும் என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

வந்து பார்த்தால் அடுப்பு முன்னால் அம்மா இல்லை. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பை ஊதிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைகுனிந்து தட்டோடு வர வேண்டிய கல்யாணப் பெண், முகமெல்லாம் கரி. போத்தலை என் கையிலிருந்து பிடுங்கிச் சட்டியில் கவிழ்த்தாள். வடைக்கு அரைத்த மாவைத்தான் நான் அவித்துத் தீர்த்துவிட்டேனே. அம்மா தேடிப் பிடித்து ஒரு கட்டு அப்பளத்தை நீட்டினாள். அக்கா ஒவ்வொன்றாகப் போட்டாள். சட்டி சளசளத்தது, வாசனை லயம் முழுக்கப் போனது.

மாப்பிள்ளையின் அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு அப்பளத்தை எடுத்து, எண்ணெயை வடித்து, எழுந்து நேரே அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க அத்த. எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. தங்கச்சிக்குத்தான் கொஞ்சம் சரியில்ல."

அவர் அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டார். நொறுக்கென்ற சத்தம் கேட்ட பிறகுதான் கணேசன் அத்தான் கடலையை விழுங்கினார்.

"சொல்லி அனுப்புறதெல்லாம் வேணாம். பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார் அத்தை. என்னைத் திரும்பிப் பார்த்து, "கல்யாணத்தன்னைக்கு இவள மட்டும் அடுப்படிப் பக்கம் விடாதீங்க" என்றார்.

விடவில்லை. அக்கா கல்யாணத்துக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலைதான் எனக்குக் கிடைத்தது. என் கல்யாணத்திலும் நான் சமையற்கட்டை எட்டிப் பார்க்கவில்லை. அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து, நான் கடலை அவிக்கிற நாளெல்லாம் "யாரு சித்தி தவறுனது?" என்று கேட்கப் பழகின. கணேசன் அத்தானுக்குக் கடலை என்றால் உயிர். ஆனாலும் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எங்கள் அப்பா போனார். நெஞ்சு வலி இல்லை, காய்ச்சல். கருமாதி வரைக்கும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதே. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியோடு கொடுக்க நான் பெரிய பானையில் கடலை அவித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை அதுவாகவே செய்தது.

கொடகவெலயிலிருந்து அத்தை வந்தார். இப்போது அவருக்குச் சீனி வியாதியும் பிரஷரும், மகனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். நான் தட்டத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் கடலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"இன்னைக்குத்தான்டி நீ சரியான நேரத்துல வச்சிருக்க" என்றார்.

மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து நான் ஓடினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.