பிரதம அதிதிக்குக் கதிரை இல்லை

கல்முனைக்குடி
14.06.1997

அன்புள்ள மச்சான் ஹஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலில் நீ வாடாமல் இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. இங்கே நானும் என் மனைவி, உன் ராத்தா ஜெமீலாவும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை.

பதினெட்டு வருடமாக வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையாக இருக்கிறேன். ஒரு விழாவுக்காவது என்னைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டார்களா? தபாலதிபரைக் கூப்பிட்டார்கள், பல் டொக்டரைக் கூப்பிட்டார்கள், ஒரு தரம் மழைக்கு ஒதுங்கிய மனுஷனைக்கூடப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். போன மாதம் றிபாஸ் மாஸ்டர் வீடு தேடி வந்தார். நாடகம் பழக்கும் இளம் வாத்தியார். "விதானையார், எங்கட நாடகத்துக்கு நீங்கதான் பிரதம அதிதி" என்றார். நான் பதினொரு பக்கத்தில் உரை எழுதினேன். உன் ராத்தா என் வெள்ளைச் சாரனை மூன்று தரம் அயன் பண்ணினாள்.

நேற்று வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட வளவுக்குப் போனால், மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக ஊரே வட்டமாக மணலில் உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு எங்க கதிரை?" என்று கேட்டேன். றிபாஸ் சிரித்துக்கொண்டு, "இதுல பாக்கிற ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்ல விதானையார். கலை எல்லாருக்கும் சொந்தம். ஆரும் உள்ள வந்து நடிக்கலாம்" என்றார். அப்படியென்றால் பிரதம அதிதி என்ன செய்வார் என்று கேட்டேன். "அவர் முதல்ல நடிப்பார்" என்றார். மணலில் உட்கார்ந்தேன் மச்சான், வேறு என்ன செய்ய?

நாடகமோ தண்ணீர்ச் சண்டை. எனக்குத் தந்த வேஷம், வாய்க்காலின் கடைசிக் காணிக்காரன். விதானையாக நடிக்க ஆர் வருவது என்று றிபாஸ் கேட்டதும், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பி வந்தவள் சுபைறா. புருஷன் மௌத்தான பிறகு தனியாக இரண்டு ஏக்கர் செய்கிறவள். உண்மையிலேயே கடைசிக் காணி அவளுடையதுதான். கிழமைக்கு மூன்று தரம் என் வாசலில் வந்து நிற்பாள்.

நான் போய்த் தண்ணீர் கேட்டேன். அவள் நிமிர்ந்தும் பார்க்காமல், ஒரு ஈர்க்கால் பல்லைக் குத்திக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றாள். நான் பல் குத்துவதும் அப்படியேதான், அது உனக்குத் தெரியும். பயிர் கருகுது என்றேன். "மனு தந்தீங்களா?" தந்தேன் என்றேன். "அப்ப அது மேல போயிரிக்கி. நாளைக்கு வாங்க." ஊரே சிரிக்கிறது. எனக்கு இல்லாத காணி, இல்லாத பயிர். ஆனாலும், "அல்லாஹ்வுக்காக ஒரு மணித்தியாலம் தாங்க, வீட்ட நாலு புள்ளைகள் இரிக்கி" என்று கத்திவிட்டேன். எனக்கு ஒரு பிள்ளைகூட இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

சனம் கை தட்டியது. உன் ராத்தாவும் தட்டினாள், அதையும் பார்த்தேன். பதினொரு பக்க உரை சட்டைப் பைக்குள்ளேயே வேர்வையில் நனைந்து போனது. இது கலையா? எல்லாரும் நடித்தால் பார்க்க ஆர் மிச்சம்? கலை என்றால் மேடை வேண்டும், கதிரை வேண்டும், பொன்னாடை வேண்டும். இனி அந்த வளவுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். நீ ஊருக்கு வந்தால் றிபாஸோடு கதைக்கவும் வேண்டாம்.

ஜெமீலா ஸலாம் சொல்கிறாள். உன் உடம்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத்தும் அருளும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்
அப்துல் ஸமட்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் றிபாஸ் வந்து ஒரு செய்தி சொன்னார். வருகிற வெள்ளி பாண்டிருப்பில் அதே நாடகமாம். கடைசிக் காணிக்காரனாக அந்த ஊர்ப் பூபாலசிங்கமாம். அது எப்படி? அவருடைய காணி தண்ணீர் திறக்கும் துரிசுக்குப் பக்கத்தில், தண்ணீர் கேட்டு அழ அவருக்கு என்ன தெரியும்? அந்த வேஷம் என்னுடையது, நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விதானையாகச் சுபைறாதான் வேண்டும் என்றும் சொன்னேன். ஒத்திகைக்குக் கூப்பிட்டால், "தண்ணிக்கு அலையவே எனக்கு நேரம் சரி விதானையார்" என்கிறாள். ஆகவே இன்று காலை அவளுடைய காணிக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன். நாடகத்துக்காகத்தான்.