மேலாளர் முதுகில் வில்லன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவியும் மகளும் சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை, காரணம் நீ.

முதல் வகுப்பு முடியப்போகிறது, உன் மருமகள் பாடப் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்கிறாள் என்று போனில் புலம்பினேன். நீ டீச்சராச்சே, "புத்தகத்தை மூடி வை, அவளுக்குப் பிடிச்ச சினிமாவுலேர்ந்து ஆரம்பி" என்றாய். நானும் தையல் கடைச் சுவர் முழுக்கப் படச் சுவரொட்டிகளை ஒட்டி, வில்லனுக்கு 'வி', சண்டைக்கு 'ச' என்று சொல்லிக்கொடுத்தேன். பத்தே நாளில் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். அதோடு நின்றிருந்தால் உனக்குச் சிலையே வைத்திருப்பேன். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி கையில் கிடைத்ததும் எழுதவும் ஆரம்பித்தாள். குழம்புச் சட்டி மூடியில் 'விரைவில்', கழிவறைக் கதவில் 'இடைவேளை'. வீட்டுக்குள்தானே என்று விட்டுவிட்டேன். வங்கி மேலாளருக்குக் கறுப்புக் கோட்டு தைத்து மடித்து வைத்திருந்தேன். அவசரமாக வாங்கிப் போனவர், அதைப் போட்டுக்கொண்டு தலைமை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் சபையில் சிரிப்பாம். முதுகில் கொட்டை எழுத்தில் 'மிரட்ட வருகிறான் வில்லன்'.

மறுநாள் கோட்டோடு வந்து, "யாருய்யா எழுதினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "நான்தான். எழுத்து சரியா இருக்கா சார்?" என்றாள். மனுஷன் கோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இருபது பேருக்குச் சீருடை தைக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தவர், இனி பொத்தான் தைக்கக்கூட வரமாட்டார்.

அந்த வாரமே பள்ளியில் கூப்பிட்டார்கள். 'என் குடும்பம்' பற்றி எழுதச் சொன்னதற்கு இவள் எழுதியது: 'கதை, வசனம், இயக்கம்: அம்மா. நகைச்சுவை: அப்பா. சண்டைப் பயிற்சி: அத்தை.' தலைமையாசிரியை கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆகவே உன் யோசனையை இன்றோடு கைவிட்டேன். சுவரில் இருந்ததெல்லாம் கிழித்தாயிற்று. இனி பாடப் புத்தகம்தான், வயிறு வலித்தாலும் சரி.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்களாவது உன்னிடம் படிக்காமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி

பி.கு.: நீ படிப்பது இரண்டாம் பிரதி. முதல் பிரதியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால், என் கோழிக்கிறுக்கலை முதல் வரியிலிருந்து கடைசி வரை, ஓர் எழுத்தும் கூட்டாமல், உன் மருமகள் அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கதவோரமே நின்றுவிட்டேன், அக்கா. முடித்துவிட்டு, "சுவரொட்டிக்குச் சின்ன ர-ப்பா, நீ பெரிய ற போட்டிருக்க" என்றாள். புதுப் படச் சுவரொட்டி நாலு உடனே அனுப்பு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். நானும் படிக்க வேண்டியிருக்கிறது.