எல்லாருக்கும் ஒரே கடைவாய்ப்பல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் மாமா, உன் மருமகள், நான் மூவரும் நலம். உன் நலத்தையும் உன் மனைவி நலத்தையும் விசாரிக்க வேண்டிய இடம் இது. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புதன்கிழமை நான் ஃபோனில் அலறியபோது, "அக்கா, நான் வேற ஒரு இடத்துல புரோகிராம் போட்டுக் காட்டிட்டிருக்கேன், சனிக்கிழமை வரைக்கும் மூச்சு விட நேரமில்லை, எதுவானாலும் எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டாய். எழுதும்போது மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும் என்றாய். என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது. நாற்பத்தாறு வயதில் என்னிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீதான். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நீ கேட்டது எங்கள் பல் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் என்று உறைத்தது.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கூப்பிட்டார். கீழே இடது பக்கம் கடைசிக் கடைவாய்ப்பல், பிடுங்கியே ஆக வேண்டும், வெள்ளிக்கிழமை வரை தாங்காது, புதன்கிழமை கொடுங்கள் என்றார். கம்ப்யூட்டரில் அவர் பக்கத்தைத் திறந்து புதன் காலை பத்து மணி என்று மாற்றினேன். சேமிக்கும் பொத்தானை அழுத்தப் போகும்போது டாக்டருடைய மாமியார் ஃபோன். புதுப் பல்செட் போட்டதிலிருந்து தான் சிரித்தால் வேறு யாரோ சிரிப்பதுபோல் இருக்கிறது என்று ஆரம்பித்தார். முதலாளியின் மாமியார், பாதியில் வைக்க முடியுமா? நாற்பது நிமிஷம். வைத்ததும் பொத்தானை அழுத்தினேன். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வந்தது. மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

என்ன எதிர்பார்த்தேன்? ஒரு தபால்காரர் இரண்டு நாள் முன்னால் வருவார் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவுதான். பெரிய ஆசை எதுவும் இல்லை.

என்ன நடந்தது என்றால், நேரம் மாறியவர்களுக்கெல்லாம் சாயந்தரம் ஐந்து மணிக்குத் தானாகவே மெசேஜ் போகிற மாதிரி நீ ஒரு வசதி செய்து கொடுத்தாயே, அது அன்றைக்கு நன்றாக வேலை செய்தது. நான் வீட்டுக்குள் நுழையும்போது உன் மாமா கையில் ஃபோனோடு நிற்கிறார். இரண்டு வருஷம் முன்னால் பல் சுத்தம் செய்துகொண்டதால் அவர் பெயரும் எங்கள் பட்டியலில் உண்டு. "என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கறதுன்னு ஆஸ்பத்திரியில முடிவு பண்ணிட்டீங்களாமே, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நான் கைதவறி அவர் பக்கத்தைத் திறந்திருப்பேன் என்று நினைத்துச் சமாதானம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு முழுக்க நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் படிக்கட்டிலேயே வரிசை. பட்டியலில் இருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் போயிருக்கிறது: புதன் காலை பத்து மணிக்குத் தங்கள் கீழ் இடது கடைவாய்ப்பல் பிடுங்கப்படும், தவறாமல் வரவும். அதில் எழுபத்தொரு பேர் தவறாமல் வந்துவிட்டார்கள். எங்களிடம் இருப்பது ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. முதல் பத்து நிமிஷம் யாருக்கும் என் மேல் கோபமே இல்லை, ஏனென்றால் பத்து மணி தனக்குத்தான், மற்ற எழுபது பேரும் வரிசையில் புகுந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "ஹலோ, எனக்குப் பத்து மணிங்க." "எனக்கும் பத்துதான், நான் அப்பவே வந்தாச்சு." "மெசேஜ் இருக்கா உங்ககிட்ட?" "உங்ககிட்ட இருக்கா, காட்டுங்க பாப்போம்." காட்டினார்கள். அதற்கப்புறம்தான் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு அம்மா ஆறு வயசுப் பையனைத் தூக்கி மேஜை மேலேயே உட்கார வைத்து, "இவனுக்கு அந்தப் பல்லு இன்னும் முளைக்கவே இல்லையேம்மா, எதைப் புடுங்குவீங்க?" என்று கேட்டார். வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர் ஒருவர் கோபமில்லாமல், "ராத்திரியே கண்ணாடியில பாத்தேன், ஒண்ணும் வரலை. ஒருவேளை உங்க மெஷின்ல தெரிஞ்சிருக்குமோன்னு வந்தேன்" என்றார். நிஜமாகவே வலியோடு வந்த தபால்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்து, கன்னத்தில் கை வைத்தபடி ஐம்பத்து நான்காவது ஆளாகப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் சத்தமே போடவில்லை.

இதுவரை சிரிக்கலாம், இதற்கு மேல் சிரிக்காதே. வெளியே கூச்சல் கேட்பதற்கு முன்பே ஒரு தையல்காரரை டாக்டர் உள்ளே உட்கார வைத்துவிட்டார். திரையில் கீழ் இடது கடைவாய்ப்பல் என்று இருக்கிறது, கையில் வந்த மெசேஜிலும் அதுவேதான். இடுக்கியை எடுத்தவர் என்ன தோன்றியதோ, அந்தப் பல்லை ஒரு தட்டு தட்டி, "வலிக்குதா?" என்றாராம். "இல்லீங்க." "முன்னாடி எப்பவாவது வலிச்சிருக்கா?" "இல்லீங்க. மெசேஜ் வந்துச்சு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கடையைச் சாத்திட்டு வந்தேன்."

டாக்டர் வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கத்துகிற ரகம் இல்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா நல்ல பல்லைப் புடுங்கியிருப்பேன். சனிக்கிழமை எங்க கூட்டம், பதினாலு டாக்டர் வர்றாங்க. உங்க தம்பி செஞ்ச புரோகிராமை எல்லாரும் வாங்கிக்கங்கன்னு சொல்றதா இருந்தேன். ஏன் இப்படி ஆச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் அங்க வாயே திறக்கப் போறதில்லை, நாமளும் பழைய நோட்டுக்கே போயிடுவோம்." நீ நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கி நாலு மாதம் ஆகிறது, நாங்கள்தான் உன் முதல் வாடிக்கை, எனக்குத் தெரியாதா? அதனால்தான் நானே உட்கார்ந்தேன்.

நீ எழுதி வைத்த குறிப்பின்படி, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்திருந்த பட்டியலின் நகலைத் திரும்பப் போட்டு முதலில் எல்லார் பல்லையும் அவரவரிடம் சேர்த்தேன். பிறகு மதியம் ஆஸ்பத்திரி மூடியிருக்கும் நேரத்தில், பழகுவதற்கென்று நீ தனியாக வைத்திருக்கும் பட்டியலில் தபால்காரரைத் திறந்து மாற்றிப் பார்த்தேன். அவர் மட்டும்தான் மாறினார். ஒன்பது தடவை செய்தேன், ஒன்பது தடவையும் அவர் மட்டும்தான். வீட்டில் ராத்திரி முழுக்கக் குத்திய பல் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் நின்றுவிடும், தினமும் பார்க்கிறேன், இந்தப் பிழையும் அதே சாதி. திங்கட்கிழமை வேறு என்ன நடந்தது என்று யோசித்தேன். டாக்டருடைய மாமியார் நடந்தார். உடனே பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு மீன் தொட்டியைக் கழுவினேன். சரியாக நாற்பது நிமிஷம் கழித்து வந்து அழுத்தினேன். பச்சை எழுத்து. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடைவாய்ப்பல். எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது, பக்கத்தில் மீன்கள்தான் இருந்தன.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைக்காதே. நீ அனுப்பிய பிஎச்பி கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தில் பாதி முடித்துவிட்டேன். கல்லூரியில் தாவரவியல் படித்தவளுக்கு அது அப்படி ஒன்றும் அந்நியமில்லை. இலை எதிரெதிராக இருந்தால் இந்தப் பக்கம் போ, மாற்றி மாற்றி இருந்தால் அந்தப் பக்கம் போ என்று மூன்று வருஷம் செடிகளை அடையாளம் கண்டவள் நான். உங்கள் மொழியும் அதையேதான் செய்கிறது, செடி மட்டும் இல்லை. போன மாதம்கூட, சேமிக்கும்போது சில சமயம் சிவப்பில் ஏதோ வந்து, மறுபடி திற, மறுபடி அடி என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்ததே, அதை உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே நிறுத்தினேன்.

புத்தகத்தில் சொன்னபடி, உன் புரோகிராமிடம் கட்டளையை ஓட்டாதே, திரையில் எழுதிக் காட்டு என்று சொல்லிப் பார்த்தேன். அப்போது பிடிபட்டது. நேரத்தை மாற்று, பல்லை மாற்று என்று இருக்கிறது, யாருக்கு என்ற நிபந்தனையே இல்லை. அரை மணிக்கு மேல் சும்மா விட்டால் நான் யாரைத் திறந்தேன் என்பதை அது மறந்துவிடுகிறது. மறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய் தெரியுமா? நோயாளியின் எண் இருந்தால் அந்த ஒருவர், எண் இல்லாவிட்டால் எல்லாரும். இதைப் படித்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தேடும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அது நியாயம், எண் கொடுக்காமல் தேடினால் எல்லாரையும் காட்ட வேண்டியதுதான். அதை அப்படியே வெட்டி மாற்றும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாய். அங்கே எல்லாரையும் காட்டு, இங்கே எல்லாரையும் மாற்று! மாற்றும் பக்கத்தின் உச்சியில் "நோயாளியைத் தேட" என்ற தலைப்புகூட அப்படியே இருக்கிறது, அதைக்கூட அழிக்கவில்லை நீ.

ஏழாம் வகுப்பில் என் கட்டுரையைக் காப்பியடித்து, "வீட்டுக்கு மூத்த பெண்ணான நான்" என்று வாத்தியார் முன்னால் உரக்கப் படித்தவன்தானே. ஒரு வருஷம் உன்னை எல்லாரும் மூத்த பெண் என்று கூப்பிட்டும் உனக்குப் புத்தி வரவில்லை. எண் இல்லாவிட்டால் இங்கேயே நில் என்று சொல்ல வெறும் மூன்று வரி போதும். மூன்றே வரி! நானே எழுதிச் சேர்த்து, மறுபடி மீன் தொட்டியைக் கழுவிவிட்டு வந்து சோதித்தும் விட்டேன். மீன்கள்தான் பாவம்.

இன்று வியாழக்கிழமை, நாலு மணிக்கு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தம்பி பண்ணின தப்புதான், நான் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன்" என்றேன். "ரொம்ப சந்தோஷம். தப்பு தம்பியோடதுன்னா சனிக்கிழமை நான் எதுவும் பேசலை" என்றார். வரும் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அதே சமயம் என்னை நானே கேட்டுப் பார்த்தால், கண்டுபிடித்தது நான் என்பதில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன். உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது, தம்பி. இனிமேலாவது எதையும் ஒட்டும் முன் ஒரு தடவை படித்துப் பார்.

நீயும் உன் மனைவியும் முதுகு வலி, கண் வலி, முக்கியமாகப் பல் வலி எதுவும் இல்லாமல், பதினாலு இல்லாவிட்டாலும் நாலு வாடிக்கையாவது பிடித்து நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை மதியம். தப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று டாக்டருக்குக் காட்ட, நீ முதல்முதலில் புரோகிராமைப் போட்டுக் கொடுத்த பென் டிரைவைத் தேடி எடுத்தேன். உன் மருமகள், "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரும்மா" என்றாள். வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில், நான் சேர்த்த அதே இடத்தில், அதே மூன்று வரி இருக்கிறது. எண் இல்லாவிட்டால் நின்றுவிட்டு, சிவப்பில் ஒரு எச்சரிக்கை காட்டும் வரிகள். அதற்கு மேலே நீ எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறாய்: "அக்கா, இதை மட்டும் தொடாதே. சிவப்பு வந்தால் நல்லதுக்குத்தான்." போன மாதம் நான் நிறுத்திய சிவப்பு அதுதான். அந்தக் குறிப்பையும் சேர்த்து அழித்தது எனக்கு இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. என்னைக் கேலி செய்கிறாய் என்று நினைத்தேன்.

உடனே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, நாளைக்குக் கூட்டத்துல பேசறேன். புரோகிராம் நல்லாத்தான் இருக்கு, எழுதினவரோட அக்கா வேலை பாக்காத ஆஸ்பத்திரியா இருந்தா தாராளமா வாங்கலாம்னு சொல்றேன்" என்றார். நோட்டுக்கும் போக வேண்டாமாம். மூன்று வரிக்குப் பக்கத்தில் மட்டும் நான் போகக் கூடாதாம்.

கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. உண்மையைச் சொன்னால் மனசும் இல்லை, நான் யாரையும் இவ்வளவு கோர்வையாகத் திட்டியது கிடையாது. ஆகையால் ஒன்று செய். மேலே "நீ" என்று வருகிற இடங்களையெல்லாம் "நான்" என்று மாற்றிப் படித்துக்கொள். இந்தப் பிழையைப் பற்றிய வரிகளில் மட்டும். நிபந்தனையை விட்டுவிடாதே, அப்புறம் ஏழாம் வகுப்பில் அந்தக் கட்டுரையைக் காப்பியடித்ததும் நான்தான் என்று ஆகிவிடும்.