எர்ச்சிமின் முதல் கத்தி தொடர்பாக ஜுலுஸ்தான் மாமாவுக்கு

மே மாதம், செவ்வாய்க்கிழமை
ஆற்றுப் பனி: இன்னும் நிற்கிறது, ஆனால் முனகுகிறது

பெருமதிப்பிற்குரிய ஜுலுஸ்தான் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் துயாரா பணிவுடன் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, பசுக்கள், நான் எல்லோரும் சுகம். தம்பி எர்ச்சிமும் சுகம், அவனுடைய கட்டைவிரல் நீங்கலாக. அதன் விவரம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் தங்கள் குதிரைகளும் இந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகளும் சுகமென்று நம்புகிறேன். குதிரைப் பட்டிக்கு டீசல் கொண்டுவரும் டிராக்டர்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்கமாட்டேன் என்று நான் கேட்காமலேயே அவர் சத்தியம் செய்தார். ஆகவே படித்திருப்பார்.

பனி உடைந்ததும் படகோடு வந்து எர்ச்சிமை முதன்முறையாகக் காட்டு வாத்து வேட்டைக்கு அழைத்துப் போவதாகத் தாங்கள் சொல்லியிருந்தீர்கள். (வேட்டை என்ற சொல்லை முன்கூட்டியே உச்சரித்தால் காட்டைக் காக்கும் தெய்வம் பாயானாய் கேட்டுவிடுவார், "ஆத்தங்கரைப் பக்கம் ஒரு வேல இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. நான் எழுதத்தான் செய்திருக்கிறேன், உச்சரிக்கவில்லை.) சொந்தக் கத்தி இல்லாதவன் படகில் கால் வைக்கக் கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார். முதல் கத்தியை அதற்கு உரியவன் நெருப்புக்கு உணவு ஊட்டும்வரை தொடக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா? அப்படியானால் வேறொருவர்தான் அதைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்ட நூலகத்திலிருந்து கத்திகளைப் பற்றிய நூலை எடுத்துவந்து படித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, நான் அதன் கீழே போய் நின்றேன் என்பது சரியாக இருக்கும்.

முதல் கத்தியை அப்பா மாவட்டத் தலைநகரில் வாங்கிவந்தார். கண்ணாடிபோல் பளபளத்தது. பிடியில் ஓநாய்ப் படம், ஆனால் அந்த ஓநாய்க்குப் பால் மறக்காத கன்றின் முகம். அதை நான் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுத்தேன். அம்மா அதைக் கொண்டுபோய் வெங்காயம் நறுக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அப்பா கொல்லர் கவ்ரில் சித்தப்பாவிடம் சொல்லிவைத்தார். அவர் செய்து கொடுத்தது நம் மக்கள் கத்தி: பூர்ச்ச மர முடிச்சில் கடைந்த பிடி, அலகின் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வயிறு. பார்த்தால் கண் எடுக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வில்லோக் குச்சியைச் சீவிப் பார்த்தேன். மாமா, அது சீவவில்லை, மூழ்கியது! நேராகப் போகச் சொன்னால் கட்டைக்குள் தலைகுப்புற இறங்கிக் குச்சியை இரண்டாகப் பிளந்தது. பிளந்த குச்சியைச் சான்றாக எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"சித்தப்பா, சாணை சரியில்ல."

"எது? என் சாணையா? ஏம்மா, இதே மாதிரி ஒண்ணு கேட்டு உங்கப்பா ஒரு குளிர்காலம் முழுக்க என் வாசல்ல நின்னாரு, தெரியுமா?"

"அப்பா குச்சி சீவிப் பாக்கல. நான் பாத்தேன்."

"அடேயப்பா! பள்ளிக்கூடத்துல இப்ப இதெல்லாம் சொல்லித் தராங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று செய்து கொடுத்தார். அதுவும் மூழ்கியது. அதற்கு அடுத்ததும் மூழ்கியது. இதற்குள் ஆற்றங்கரையோரம் பனி கறுத்துவிட்டது, வாத்துகள் வந்துவிட்டன என்று எல்லோர் வீட்டிலும் பேச்சு, எர்ச்சிம் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டே தூங்குகிறான், அப்பா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே "கத்தி எங்க? கத்தி எங்க?" என்கிறார், "நீயே எடுத்துக் குடுத்துடேன்யா" என்று அம்மா சொன்னால், "அவ வேணாங்கறாளே, புஸ்தகத்துல போட்டிருக்குங்கறாளே" என்கிறார். நான் என்ன செய்வேன்? தம்பியின் கையில் மூழ்குகிற கத்தியைக் கொடுத்து அனுப்ப மனம் வருமா? கடைசியில் நானே படம் வரைந்து பட்டறைக்குக் கொண்டுபோனேன். கத்தி உள்பக்கம் சாய்கிறது என்றால் சாய்வை மாற்றுவதுதானே அறிவியல்? வயிறு இருக்கும் இடத்தில் பள்ளம், பள்ளம் இருக்கும் இடத்தில் வயிறு, கூர் தீட்டுவதும் மறுபக்கம் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். கவ்ரில் சித்தப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல தாயே!"

கொல்லரே தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று பெருமையோடு வீடு திரும்பினேன்.

புதிய கத்தி வந்தது. மாமா, அது குச்சியில் ஓடியதை என்னவென்று எழுதுவேன்? வெண்ணெயில் இறங்கியதுபோல் போய், சீவல் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. வீட்டிலிருந்த விறகில் பாதியை அன்றே சீவிவிட்டேன். போதும் என்று அம்மா கத்தினார்.

நேற்று மாலை அப்பா அடுப்பைத் திறந்து, நெய் தடவிய அப்பத்தை எர்ச்சிம் கையால் நெருப்புக்கு ஊட்டவைத்து, கத்தியைக் கொடுத்தார். எர்ச்சிமின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அம்மா பனிக்கிடங்கிலிருந்து கல்லாய் உறைந்த வெள்ளை மீனைக் கொண்டுவந்து மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி, "சீவு, மகனே" என்றார். தாங்கள் அறிவீர்கள், நம் ஊரில் ஆண்பிள்ளையின் கையை உறைமீன் சீவலில்தான் பார்ப்பார்கள். அவன் முதல் வெட்டில் விறகுக் கட்டைபோல் ஒரு துண்டு வந்தது. இரண்டாவதில் மீன் மேசையைவிட்டு ஓடிப் பூனையிடம் போனது. அடுத்ததில் கட்டைவிரல். அப்பா சீவலுக்குத் தயாராக வைத்திருந்த உப்பையும் மிளகையும் மெல்ல மூடிவைத்தார்.

"இந்த வருஷம் வேணாம்டா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

எர்ச்சிம் விரலைச் சப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். நான் ஒதுக்கிய கத்திகளெல்லாம் அங்கேதான் அம்மாவிடம் வேலை செய்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில், "அக்கா, இங்க வா" என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தால், கவ்ரில் சித்தப்பா முதலில் செய்த கத்தி அவன் கையில். மீனிலிருந்து சீவல்கள் பூர்ச்சப் பட்டைபோல் மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவும்படி சுருண்டு விழுந்துகொண்டிருந்தன.

"இதப் போயா வேணாம்ன?"

"அது மூழ்கும்டா! கொடு, காட்டறேன்."

வாங்கி வெட்டினேன். மூழ்கியது. அவன் என்னையே பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"அக்கா, நீ எந்தக் கையில புடிச்சிருக்க?"

பார்த்தேன். பிறந்ததிலிருந்து நான் சாப்பிடுவதும் எழுதுவதும் இந்தக் கடிதத்தை வரைவதும் எந்தக் கையாலோ, அந்த இடது கையில். மாமா, நம் கத்தியை வலது கைக்கு ஒருவிதமாகவும் இடது கைக்கு அதற்கு நேர்மாறாகவும் அடிப்பார்கள் என்பது நூலிலேயே இருக்கிறது. அந்த வரியை நான் அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது.

அப்பாவை அடுக்களைக்கு இழுத்துவந்து எர்ச்சிம் சீவிக் காட்டினான். அப்பா ஒரு சீவலை உப்பில் தோய்த்து மென்று, "போலாம்" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் என்னவென்றால், கத்தி தயார், எர்ச்சிம் தயார், தாங்கள் பனி உடைந்ததும் தயங்காமல் வரலாம். அவனுக்கு வலது கைக் கத்திகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. நான் செய்யவைத்த கத்தியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், பென்சில் சீவிக்கொள்வேன். எனக்கு வர வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லை. வீட்டுக்கு மேலே வாத்துக் கூட்டம் போகும்போது நான் சூப்பை விட்டுவிட்டு வெளியே ஓடுவதாக அம்மா சொன்னால் நம்பாதீர்கள். அது பறவையியல் ஆர்வம். நீண்டவால் வாத்து கிழக்குக் கரையோரம்தான் தாழப் பறக்கிறது, காற்று வடக்கேயிருந்து வந்தால் மறைவிடத்தைச் சற்று உள்ளே தள்ளிப் போட வேண்டும் என்பதை மட்டும் எர்ச்சிமிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான்.

தங்கள் குட்டிகளின் கால்கள் உறுதியாகட்டும். புல் சீக்கிரமாகவும் கொசு தாமதமாகவும் வரட்டும். ஆறு தங்கள் படகுக்கு மட்டும் வழிவிட்டு, கடன் கேட்டு வருகிறவர்களுக்கு உறைந்தே இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
துயாரா

பி.கு.: டிராக்டர் சேற்றில் புதைந்து இன்னும் கிளம்பவில்லை. நல்லதாயிற்று. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இப்போது சாப்பிடும்போது எர்ச்சிம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்பா, நான் போகல" என்றான். "ஏன்டா?" "வாத்து பறக்கறப்ப நல்லா இருக்குப்பா. விழறத என்னால பாக்க முடியாது. கொண்டாந்து குடுங்க, நான் சமைக்கறேன்." அப்பா முகம் கறுத்து வெளியே போனார், உள்ளே வந்தார், மறுபடி போனார். பிறகு உறையிலிருந்து என் கத்தியை எடுத்துத் தன் வலது கையில் பிடித்து விறகைச் சீவிப் பார்த்தார். மூழ்கியது. "மார்ஃபா, இது எனக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. சும்மா தூங்கவிட்டா கத்திக்கு ரோஷம் வந்துடும்" என்று அம்மாவிடம் சொன்னார். "அதுக்காகப் பொண்ணையா அனுப்புவ?" என்றார் அம்மா. "நான் எங்க அனுப்பறேன்? அதுதான் கூப்பிடுது" என்றார் அப்பா. அம்மா இப்போது, நான் நெருப்புக்கு ஊட்டுவதற்காகப் புதிதாக அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறார், மிகுந்த சத்தத்தோடு. பனி உடையட்டும் என்று காத்திருக்காதீர்கள், மாமா. விரிசல் தெரிந்ததுமே படகைத் தள்ளுங்கள். அந்த மாவு புளிப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது.